முடிவு தெரியாத நாட்களில் போய் உட்காருங்கள்

கேள்வி: நான் இயந்திரப் பொறியாளர், வயது 31. கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் பள்ளி நாட்களிலிருந்தே தேடித் தேடிப் படிக்கிறேன். இனி அவற்றை எழுதுவதே என் தொழிலாக வேண்டும் என்று ஆசை. நான் முன்பு வேலை பார்த்த மருத்துவக் கருவி நிறுவனத்தை ஆரம்பித்தவர் தன் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்கிறார். பணம் தருவார். ஆனால் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும் என்கிறார். ஏற்கலாமா? வரலாற்றுப் பட்டம் இல்லாத எனக்கு இந்தத் தொழில் கைகூடுமா? இன்னொரு சந்தேகமும் உண்டு. யார் பேச்சையும் கேட்காத ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில்தான் புதுமை பிறக்கிறது என்று அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். இத்தனை பேரைப் பற்றி எழுதிய உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புதுமை எப்படிப் பிறக்கிறது என்பதில் உங்களுக்கு என்ன நம்பிக்கை இருக்கிறதோ, அதுதான் நீங்கள் யாரிடம் போய்ப் பேசுவீர்கள், எந்தக் காகிதத்தைத் தேடுவீர்கள் என்பதை முடிவு செய்யும். தனி மனிதர்தான் எல்லாம் என்று நம்பினால் அவரோடு மட்டும் பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவீர்கள்.

பெனிசிலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: 1928 செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக்குத் திரும்பினார், கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருந்தது, அதைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருந்தன, உலகத்துக்கு மருந்து கிடைத்தது. ஃபிளெமிங் அதைக் கவனித்ததும், அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளியிட்டதும் உண்மை. மருந்து கிடைத்தது என்பது மட்டும் உண்மையில்லை. அந்தப் பூஞ்சைச் சாற்றிலிருந்து பெனிசிலினைப் பிரித்துச் சுத்தமாக்க அவரால் முடியவில்லை. பத்தாண்டுகள் அது பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்ளேயே கிடந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செய்ன் ஆகியோரின் குழு அதைத் தீவிரமாகக் கையில் எடுத்தபோது இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அந்தக் குழுவில் நார்மன் ஹீட்லி என்ற உயிர்வேதியியலாளர் இருந்தார். சாற்றிலிருந்து ஈதர் என்ற கரைப்பானுக்குள் போன பெனிசிலினை, காரத்தன்மையை மாற்றி மீண்டும் தண்ணீருக்கே கொண்டுவரலாம் என்று வழி சொன்னவர் அவர். பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் போதாமல் போனபோது மருத்துவமனைப் படுக்கை மலத்தட்டுகளை எடுத்துப் பயன்படுத்தியவரும் அவர்தான். பிறகு அதே வடிவத்தை ஒட்டிப் பீங்கானில் பாத்திரங்கள் செய்யவைத்தார்.

1940 மே 25, சனிக்கிழமை. எட்டு எலிகளுக்குக் கொல்லக்கூடிய அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்டது. அவற்றில் நான்குக்கு மட்டும் பெனிசிலின். இரவு உணவை முடித்துவிட்டு ஹீட்லி ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். விடியற்காலை 3.45 வரை அங்கேயே இருந்தார். அதற்குள் மருந்து பெறாத நான்கு எலிகளும் இறந்துவிட்டன, மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன. வீடு திரும்பிய பிறகுதான், அவசரத்திலும் இருட்டிலும் உள்ளாடையை முன்பின்னாக மாற்றி அணிந்திருந்தது அவருக்குத் தெரிந்தது. அதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பெனிசிலின் உண்மையிலேயே பயன்படும் போலிருக்கிறது என்ற ஒரு நிதானமான வாக்கியத்தோடு. ஒரு வரலாற்றாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. பிற்காலத்தில் யாரோ பெருமையாகச் சொன்ன கதை இதில் இல்லை. நாளை என்ன ஆகும் என்று தெரியாத ஒரு மனிதர் அன்றைக்கே எழுதிய வரி அது.

1941 பிப்ரவரியில் முதல் நோயாளிகளில் ஒருவராக ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு மருந்து கொடுத்தார்கள். சில நாட்களிலேயே அவர் தேறிவந்தார். கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்ததால் அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்து அவருக்கே திரும்பக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது, அவர் மார்ச்சில் இறந்துபோனார். மருந்து வேலை செய்தது, தேவையான அளவு கையில் இல்லை. அந்த அளவை உண்டாக்கும் வேலைக்கு அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே மக்காச்சோள மாவுத் தொழிலில் மிஞ்சும் திரவத்தைச் சேர்த்துப் பூஞ்சையைப் பல மடங்கு பலன் தரவைத்தார்கள். அழுகிய முலாம்பழம் ஒன்றில் கிடைத்த பூஞ்சை வகை அதையும் தாண்டியது.

1945இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செய்ன் மூவருக்கும் போனது. ஹீட்லி அதில் இல்லை. ஹீட்லிக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ மருத்துவ முனைவர் பட்டம் கொடுத்தது 1990இல்.

மூவருக்குப் பரிசு கிடைத்தும் பொதுமக்கள் நினைவில் ஃபிளெமிங் மட்டும் நின்றது எப்படி? 1942இல் செயின்ட் மேரியின் ஆல்ம்ரோத் ரைட், பெருமை ஃபிளெமிங்குக்கே உரியது என்று லண்டன் டைம்ஸ் இதழுக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஃபிளெமிங் அவர்களோடு பேசினார். ஃபுளோரி தன் ஆட்களைப் பேச வேண்டாம் என்று தடுத்துவிட்டார், கதவையும் சாத்திவிட்டார். கதவு திறந்திருந்த வீட்டின் கதைதான் உலகம் முழுக்கப் போனது. வாழ்க்கை வரலாறு எழுத வருகிற ஒவ்வொருவரும் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பேன். நம் கைக்கு எளிதாக வந்து சேரும் கதை, யாரோ ஒருவர் பேச முன்வந்ததால் கிடைத்த கதை. பேசாதவர்களிடம் நாம்தான் நடந்து போக வேண்டும்.

பிடிவாதத்துக்கு வருகிறேன். புதுமை செய்தவர்கள் பலரும் பிடிவாதக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் தோற்றவர்களின் கடிதங்களையும் படித்துப் பாருங்கள், அங்கும் அதே பிடிவாதம் இருக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அறிவியல் நிறுவனத்தின் செயலாளர் சாமுவேல் லாங்லி பறக்கும் இயந்திரத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். அமெரிக்கப் போர்த்துறை அவருக்கு 50,000 டாலர் கொடுத்தது. 1903 அக்டோபரில் அவருடைய விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விடவில்லை, டிசம்பர் 8 அன்று மறுபடியும் முயன்றார், மறுபடியும் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் அருகே 12 விநாடி பறந்தார்கள். உறுதியில் லாங்லி அவர்களுக்குக் குறைந்தவரில்லை. 1901இல் எஞ்சின் இல்லாத தங்கள் கிளைடர் எதிர்பார்த்தபடி மேலே தூக்காதபோது, இறக்கையின் தூக்குவிசை பற்றி அதுவரை எல்லோரும் நம்பிவந்த அட்டவணை எண்களை ரைட் சகோதரர்கள் சந்தேகித்தார்கள். சைக்கிள் கடையிலேயே காற்றை ஊதிச் சோதிக்கும் பெட்டியான சிறு காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி, இறக்கை வடிவங்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்தார்கள். இந்த அளத்தலில் வில்பர், ஆர்வில் இருவரும் ஓயாமல் வாதாடினார்கள். அவர்களுடைய எஞ்சினைச் செய்தவர் சார்லி டெய்லர் என்ற கடைத் தொழிலாளி. யார் பேச்சையும் கேட்காதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் பயிற்சி வகுப்பில் நடக்கும் பிழை இங்கேதான் இருக்கிறது. வென்றவர்களின் வாழ்க்கையை மட்டும் முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்தால், அவர்களிடம் இருந்த எல்லாக் குணமும் வெற்றிக்குக் காரணமாகத் தெரியும். கோபம், தூக்கமின்மை, மனைவி மக்களைக் கவனிக்காதது உட்பட. இதனால் இளைஞர்கள் கோபத்தைப் பழகிக்கொள்கிறார்கள், அளப்பதைப் பழகுவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

என்னைக் கேட்டால், புதுமையின் வரலாறு என்பது எண்ணம் தோன்றிய நாளுக்கும் அது பயனுக்கு வந்த நாளுக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகளின் வரலாறு. வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் குடியேற வேண்டிய இடமும் அதுதான்.

ஜேம்ஸ் வாட் கெட்டிலின் மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. நீராவி எந்திரம் அவருக்கு முன்பே சுரங்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த வாட்டிடம், 1763 குளிர்காலத்தில், நியூகோமன் என்ற அந்தப் பழைய வகை நீராவி எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் உருளையைச் சுடவைத்துக் குளிரவைப்பதில் நீராவி வீணாகிறது என்று கண்டார். நீராவியைத் தனியாக வேறொரு கலத்தில் குளிரவைத்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்ற எண்ணம் 1765இல் வந்தது. காப்புரிமை வாங்கியது 1769இல். முதல் எந்திரங்கள் வேலைக்கு வந்தது 1776இல்.

நடுவில் இருக்கும் அந்த பதினோரு ஆண்டுகள்தான் எனக்கு முக்கியம். வாட் வயிற்றுப்பாட்டுக்குக் கால்வாய்களுக்கு நில அளவை செய்துகொண்டிருந்தார். பணம் போட்ட ஜான் ரோபக் நொடித்துப்போனார். 1773இல் மனைவி மார்கரெட் இறந்தார். எந்திரமோ ஒழுகிக்கொண்டே இருந்தது. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே நீராவி தப்பாத அளவுக்கு ஒரு பெரிய உருளையை வட்டமாகக் குடைய அன்றைய பட்டறைகளால் முடியவில்லை. பிறகு இரண்டு பேர் வந்தார்கள். மாத்யூ போல்டன் ரோபக்கின் பங்கை எடுத்துக்கொண்டார், காப்புரிமையை 1800 வரை நீட்டிக்க 1775இல் நாடாளுமன்றச் சட்டமும் கிடைத்தது. இரும்பு வேலைக்காரர் ஜான் வில்கின்சன் பீரங்கி குடைவதற்காக ஒரு முறையைக் கண்டிருந்தார், அதே கைத்திறனில் வாட்டின் உருளைகளையும் குடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டமுள்ள உருளையில், ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்குக்கூட எங்கும் பிசகில்லை என்று போல்டன் கடிதத்தில் எழுதினார். நீங்கள் இயந்திரப் பொறியாளர், இந்த வரி வரலாறு மட்டும் படித்தவர்களைவிட உங்களுக்கு அதிகம் பேசும். வாட்டின் மேதைமை இதனால் குறைந்துவிடாது. அவர் எண்ணம் யாருடைய கைகளுக்காகக் காத்திருந்தது என்பது தெரியவருகிறது.

இதிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது அந்த எண்ணம் பளிச்சிட்டது என்ற காட்சி எல்லாப் புத்தகத்திலும் வரும். அது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிழவர் வாட் நினைவிலிருந்து சொன்னது. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 1765 ஏப்ரலில் அவர் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த எந்திரத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்கிறார். இந்த இரண்டும் ஒரே எடையுள்ள சான்றுகள் ஆகா. நான் எழுதத் தொடங்கும்போது முதலில் செய்வது ஒரு காலவரிசைக் கோப்பு. தேதி, நடந்தது, ஆதாரம் என்று ஒவ்வொரு வரியாக. அன்றைக்கே எழுதப்பட்டதற்கு ஒரு நிறம், பின்னால் நினைவிலிருந்து சொன்னதற்கு வேறு நிறம். கோப்பு பாதி நிரம்பும்போதே, புகழ்பெற்ற தருணங்கள் பெரும்பாலும் இரண்டாவது நிறத்தில் இருப்பதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, அன்று அவருக்கு என்ன தெரியாது என்றும் குறித்துவையுங்கள். எழுதும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டி அவருக்கு ஞானம் கொடுத்துவிடாதீர்கள்.

புகைப்படங்களையும் இப்படியே விசாரிக்க வேண்டும். டிரான்சிஸ்டரைப் பற்றிய மிகப் பிரபலமான படத்தில் வில்லியம் ஷாக்லி நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்திருப்பார், ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெயினும் பின்னால் நிற்பார்கள். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் முதல் டிரான்சிஸ்டரை இயங்கவைத்தவர்கள் நிற்கும் இருவர். கருவி பிராட்டெயினுடையது. படம் அடுத்த ஆண்டு விளம்பரத்துக்காக எடுத்தது. இதைப் பார்த்துவிட்டு ஷாக்லிக்கு ஒன்றுமே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. சில வாரங்களுக்குள் அவர் தனியாக யோசித்த சந்தி டிரான்சிஸ்டர் என்ற வேறு வகைதான் பிறகு தொழிற்சாலைகளில் நிலைத்தது. மூவருக்கும் 1956இல் நோபல் கிடைத்தது. யார் முதலில் என்ற கேள்வியைவிட யார் எப்போது எதைச் செய்தார் என்ற கேள்வி அதிக உண்மையைக் கொண்டுவரும்.

இனி உங்கள் பட்டம் பற்றி. வரலாற்றுப் பட்டம் கட்டாயமில்லை. நான் இயற்பியல் படித்தேன், பத்திரிகையில் அறிவியல் செய்தியாளராக இருந்தேன், அங்கிருந்துதான் புத்தகங்களுக்கு வந்தேன். பத்திரிகை எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுக் கொடுத்தது. ஆவணக்காப்பகத்தில் பொறுமையாக ஒரு பெட்டியின் எல்லாக் காகிதத்தையும் வரிசை கலையாமல் படிப்பதை, காப்பாளர் ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு காகிதம் எந்தக் காகிதத்துக்கு அடுத்து இருந்தது என்பதும் தகவல்தான் என்று அவர் சொல்வார். உங்களிடம் பலருக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: வரைபடத்தையும் சோதனை அறிக்கையையும் படிக்கத் தெரியும். எடிசன் விட்டுச்சென்ற காகிதங்கள் 50 லட்சம் பக்கத்துக்கு மேல். அப்படிப்பட்ட குவியலில் கடிதங்களை யாரும் படிக்கலாம், ஆய்வகக் குறிப்பேட்டில் கோடு போட்டு அடித்த ஓவியம் ஏன் அடிக்கப்பட்டது என்று பொறியாளருக்குத்தான் புரியும். இல்லாததை ஒரு வரலாற்றுத் துறைப் பேராசிரியரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், குறிப்பாக ஒரே சம்பவத்துக்கு இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் எப்படி எடைபோடுவது என்பதை.

வேலையை விட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல வாழ்க்கை வரலாற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும், பதிப்பாளர் தரும் முன்பணம் அத்தனை ஆண்டுகளுக்குச் சாப்பாடு போடாது. இந்தத் துறையில் இருப்பவர்களில் பலர் கற்பிக்கிறார்கள், இதழ்களில் வேலை செய்கிறார்கள், பக்கத்தில் புத்தகம் எழுதுகிறார்கள். முதலில் நீளமான கட்டுரைகள் எழுதுங்கள். இறந்துபோன, காகிதங்கள் பொதுவில் இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

உங்கள் பழைய முதலாளியின் அழைப்பு இரண்டு வெவ்வேறு வேலைகளைக் கலந்து வைத்திருக்கிறது. ஒன்று, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதும் தன்வரலாறு. அட்டையில் அவர் பெயர், குரல் அவருடையது, ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் சம்மதம் வேண்டும் என்பதும் நியாயம். கூலி வாங்கிக்கொண்டு மனச்சாட்சியோடு செய்யக்கூடிய வேலை. இன்னொன்று, உங்கள் பெயரில் வரும் வாழ்க்கை வரலாறு. அதில் அவருக்குப் பக்கங்களை நீக்கும் உரிமை இருக்கக் கூடாது, அவர் பணமும் இருக்கக் கூடாது. தொழில்நுட்பத் தவறுகளைத் திருத்த அவருக்குப் படிக்கக் கொடுக்கலாம், அவர் சொன்னதை மேற்கோளாகப் போட்டால் காட்டிச் சரிபார்க்கலாம், அதோடு நிற்க வேண்டும். முதல் வகையை எழுதிவிட்டு இரண்டாவது வகையின் அட்டையை மாட்டுவதுதான் வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இரண்டாவது வகையாக எழுத அவர் சம்மதித்தால், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். குறிப்பேடுகள், கடிதங்கள், சோதனை அறிக்கைகள், அனுமதிக்காக அரசுத் துறைக்குக் கொடுத்த விண்ணப்பங்கள் இவற்றைப் பார்க்கும் உரிமை. நிறுவனத்தை விட்டுப் போனவர்களோடு அவரிடம் கேட்காமலே பேசும் உரிமை. நடுவில் அவருக்கு ஏதேனும் ஆனால் வாரிசுகளையும் இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற விதி. ஒரு கடிதம் உங்கள் கையில் இருப்பதால் அதை அச்சிடும் உரிமை வந்துவிடாது, பதிப்புரிமை எழுதியவருடையது, அதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். மருத்துவக் கருவி என்பதால், சோதனைக்கு உட்பட்ட நோயாளிகளின் அடையாளம் அவர்கள் சம்மதமில்லாமல் எங்கும் வெளிவரக் கூடாது. நீங்கள் அங்கே சம்பளம் வாங்கியவர் என்பதை முன்னுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒரு முறை அவரைப் போய்ப் பாருங்கள். எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்குப் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய பதில் இருக்கும். கருவி வேலை செய்யாத ஆண்டு எது, அந்த ஆண்டு சம்பளம் எங்கிருந்து வந்தது, அப்போது கூட இருந்தவர்கள் யார், முதல் மாதிரியை நோயாளியின் உடலில் பொருத்திப் பார்த்த செவிலியர் யார் என்று கேளுங்கள். அந்த ஆண்டின் குறிப்பேட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, விலகிப்போன நாலு பேரின் தொலைபேசி எண்ணையும் கொடுத்தாரென்றால், உங்கள் பெயரில் எழுதுங்கள், செலவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் எதற்குத் தம்பி, நான் சொல்கிறேன், எழுதிக்கோ' என்றாரென்றால், கூலியைப் பேசி வாங்கிக்கொண்டு அவர் பெயரில் எழுதிக் கொடுங்கள்.